பாதி பாட் லாபக் கணக்கில் வராது: ஒமாஹா ஹை-லோ மேசையில் முதல்முறை உட்காருபவர்களுக்கு

ஹோல்டம் போக்கர் கைவந்தவர்கள் ஒமாஹா ஹை-லோ மேசையில் உட்கார்ந்து, கொண்டுபோன பணத்தைக் கரைத்துவிட்டு எழுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். பாட் தொகையில் பாதி வந்தாலே ஜெயித்துவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள். பாட் என்பது எல்லோரும் கட்டி நடுவில் சேரும் பந்தயப் பணம். இந்த ஆட்டத்தில் அது சிறந்த பெரிய கைக்கு (ஹை) பாதி, சிறந்த சிறிய கைக்கு (லோ) பாதி என்று பிரியும். எதிரே ஒருவர்தான் இருக்கிறார், நீங்கள் 40 டாலர் போட்டீர்கள், அவரும் 40 போட்டார், பாதி உங்களுக்கு என்றால் உங்கள் பணமே திரும்பி வருகிறது. அதிலும் அட்டை அறை (சூதாட்ட விடுதியில் போக்கர் ஆடும் இடம்) தன் பங்கை எடுத்த பிறகுதான் வருகிறது. இந்த ஆட்டத்தில் பணம் சேர்வது இரண்டு வழிகளில்: இரண்டு பாதியையும் சேர்த்து அள்ளுவது, கால் பங்குக்காகப் பந்தயத்தை ஏற்றாமல் இருப்பது.

இது ஹோல்டம் விதிகள் தெரிந்து, அமெரிக்காவில் இருப்பவர்களுக்கோ அங்கே போகிறவர்களுக்கோ எழுதியது. எடுத்துக்காட்டுக்கு 4-8 டாலர் லிமிட் ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறேன்: ஒரு பந்தயம் முதல் இரண்டு சுற்றில் 4, அடுத்த இரண்டில் 8 டாலர் என்று அளவு நிலையாக இருக்கும். புதியவர் உட்கார ஏற்ற மேசை அதுதான். இந்தியாவில் இருந்துகொண்டு இணையத்தில் பழகிப் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை யாரும் நடத்தக் கூடாது என்று 2025-இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றிவிட்டது. பழகுவதற்கு வீட்டில் ஒரு சீட்டுக்கட்டு போதும்.

சொல் விஷயத்தில் ஒரு சிறு ஏற்பாடு. எதிராளி கட்டியதற்குச் சமமாகக் கட்டுவதை மேசையில் ‘கால்’ என்பார்கள். நமக்கோ கால் என்றால் நான்கில் ஒன்று, அந்த நான்கில் ஒன்றுதான் இந்த ஆட்டத்தில் பெரிய தலைவலி. ஆகவே முன்னதை ‘சமம் கட்டுவது’ என்றே எழுதுகிறேன்.

1. எந்த ஆட்டம், எங்கே, எப்போது

மேசைப் பலகையில் ‘ஒமாஹா’ என்று மட்டும் இருந்தால் உட்காராதீர்கள். அது பாட் பிரியாத, நடுவில் இருக்கும் தொகை அளவுக்குப் பந்தயம் கட்ட விடும் பாட் லிமிட் ஒமாஹாவாக இருக்கலாம். அங்கே ஒரே கையில் மேசையில் வைத்த மொத்தமும் போகும். ‘ஒமாஹா எட்டு’ அல்லது ‘ஹை-லோ, எட்டோ அதற்குக் கீழோ’ என்று இருக்க வேண்டும், கூடவே ‘லிமிட்’ என்றும் இருக்க வேண்டும். ‘பிக் ஓ’ என்று எழுதியிருந்தால் கைக்கு ஐந்து சீட்டு, அநேகமாகப் பாட் லிமிட். முதல் நாளுக்கு அது வேண்டாம்.

எல்லா அட்டை அறையிலும் இந்த ஆட்டம் ஓடாது. லாஸ் வேகாஸில் ஆர்லியன்ஸ் என்ற சூதாட்ட விடுதி நெடுங்காலமாக இதற்குப் பெயர்போன இடம். அங்கேயும் நாளுக்கு நாள் மேசை எண்ணிக்கை மாறும், போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பிராவோ போக்கர் லைவ் என்ற செயலியில் எந்த அறையில் எத்தனை மேசை ஓடுகிறது, காத்திருப்போர் எத்தனை பேர் என்று பார்க்கலாம். மே கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை உலகப் போக்கர் தொடர் நடக்கும்போது, ஹை-லோ ஆடுபவர்கள் ஊருக்குள் குவிந்திருப்பதால் மேசை எளிதில் கிடைக்கும். ஆனால் அப்போது எதிரே உட்காருபவர்களும் தேர்ந்த கைகள். அறை வாடகையும் ஏறியிருக்கும். நிதானமாகப் பழக வேண்டுமென்றால் வேறு மாதத்தில், வார நாளில் போவது நல்லது.

2. கையோடு கொண்டுபோக வேண்டியவை

லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் 21 வயது நிறைந்திருக்க வேண்டும். வெளிநாட்டவர் என்றால் பாஸ்போர்ட் அசலே வேண்டும். நகலையும் போனில் இருக்கும் படத்தையும் ஏற்க மாட்டார்கள். அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு மாநில ஓட்டுநர் உரிமம் போதும். அதைக் காட்டினால் உறுப்பினர் அட்டை இலவசமாகத் தருவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள்: ஆடிய நேரத்துக்குச் சாப்பாட்டுச் சலுகை சேரும், சில அறைகளில் அது இல்லாமல் பட்டியலில் பெயரே எழுத மாட்டார்கள்.

பணத்தை ரொக்கமாகக் கொண்டுபோங்கள். சூதாட்ட விடுதிக்குள் இருக்கும் ஏடிஎம் கட்டணம் கொள்ளை, அதன்மேல் நம் ஊர் வங்கியின் அயல்நாட்டுக் கட்டணமும் சேரும். 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்குள் நுழைந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். 4-8 மேசைக்கு அவ்வளவு தேவையே இல்லை.

3. செலவுக் கணக்கு

மேசையில் வைக்க 200 டாலர். அதாவது 25 பெரிய பந்தயம் (8 டாலர் பந்தயம்). குறைந்தபட்சம் 40 டாலரோடு உட்கார விடும் அறைகள் உண்டு, உட்காராதீர்கள். நல்ல கை வந்து நான்கு பேர் பணம் போடும் நேரத்தில் உங்கள் சிப் தீர்ந்துபோனால், வெல்ல வேண்டிய தொகை குறைந்துவிடும். ஒரு வாரப் பயணத்துக்கு 600 டாலர் ஒதுக்குங்கள். அது மொத்தமும் போனாலும் வீட்டுச் செலவில் கை வைக்க வேண்டியிராது என்ற பணமாக இருக்கட்டும். வாராவாரம் ஆடப் போகிறவருக்கு 300 பெரிய பந்தயம், 2,400 டாலர், தனியாக இருக்க வேண்டும்.

சீட்டே தொடாவிட்டாலும் செலவு உண்டு. சீட்டு வரும் முன்பே இரண்டு பேர் முறைவைத்துக் கட்ட வேண்டிய பிளைண்ட் தொகை 2, 4. ஒரு சுற்றுக்கு 6 டாலர். ஒன்பது பேர் மேசையில் மணிக்கு 30 கை ஓடினால் மூன்றேகால் சுற்றுக்குச் சற்று மேல், அதாவது மணிக்கு 20 டாலர்.

புதியவர்கள் கணக்கில் எடுக்காமல் விடுவது அறை எடுக்கும் பங்கைத்தான். பாட் தொகையில் 10 விழுக்காடு, 4 அல்லது 5 டாலருக்கு மேல் போகாது என்பது பொதுவான முறை. அதன்மேல் ஜாக்பாட்டுக்கென்று ஓரிரு டாலர். மூன்று பேர் ஆளுக்கு 16 போட்டு 48 டாலர் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறைக்கு 4, ஜாக்பாட்டுக்கு 2 போனால் மிச்சம் 42. பாதி 21. சீட்டுப் போடும் டீலருக்கு அன்பளிப்பாக 1 டாலர் கொடுத்தால் உங்கள் கையில் 20. எட்டு டாலர் லாபமாக இருந்திருக்க வேண்டியது நான்காகிவிட்டது. இதே கையில் முழுத் தொகையும் உங்களுக்கு வந்திருந்தால், டீலருக்குக் கொடுத்தது போக 25 டாலர் லாபம் நின்றிருக்கும். சின்னத் தொகைகளைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே இருந்தால் மாலையில் அறைதான் ஜெயித்திருக்கும்.

4. கை படிக்க வீட்டிலேயே பழகுங்கள்

கையில் நான்கு சீட்டு. மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு: முதலில் மூன்று (ஃப்ளாப்), பிறகு ஒன்று (டர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்). கைச்சீட்டில் சரியாக இரண்டு, பொதுச் சீட்டில் சரியாக மூன்று. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பொதுச் சீட்டில் நான்கு ஆர்ட்டின் வந்து, உங்களிடம் ஆர்ட்டின் ஏஸ் ஒன்று மட்டும் இருந்தால் ஹோல்டமில் ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே சாதி). இங்கே ஒன்றுமே இல்லை. இந்தத் தவறை முதல் நாள் செய்யாதவர்கள் குறைவு.

ஹைக்கு ஒரு ஜோடி, லோவுக்கு வேறு ஜோடி என்று கைச்சீட்டைத் தனித்தனியாக எடுக்கலாம். லோ அமைய எட்டும் அதற்குக் கீழுமான ஐந்து வெவ்வேறு எண்கள் வேண்டும். ஏஸ் லோவில் ஒன்று. ஸ்ட்ரெய்ட் (ஐந்தும் அடுத்தடுத்த எண்), ஃப்ளஷ் ஆனாலும் லோவுக்குக் கேடில்லை. ஏஸ்-2-3-4-5 லோவில் உச்சம், ஹையிலும் ஸ்ட்ரெய்ட். பொதுச் சீட்டில் எட்டோ அதற்குக் கீழோ மூன்று வெவ்வேறு எண்கள் வராவிட்டால் யாருக்கும் லோ கிடையாது. ஹை கைக்கே முழுத் தொகை. பத்தில் ஆறு தடவை லோவுக்கு இடம் இருக்கும், நான்கு தடவை இருக்காது.

லோவை ஒப்பிட எளிய வழி: பெரிய எண்ணில் தொடங்கி ஐந்து இலக்க எண்ணாகப் படியுங்கள். சிறிய எண் ஜெயிக்கும். இப்போது இந்தக் கையைப் பாருங்கள்.

உங்களிடம் இஸ்பேட் ஏஸ், இஸ்பேட் 2, ஆர்ட்டின் ராஜா, டைமன் 9. டர்ன் வரை பொதுச் சீட்டு கிளாவர் 3, ஆர்ட்டின் 6, டைமன் 7, கிளாவர் ராஜா. உங்கள் லோ 76,321. இந்த நேரத்தில் இதைவிடச் சிறந்த லோ யாருக்கும் இருக்க முடியாது. ரிவரில் ஆர்ட்டின் 2 விழுகிறது. உங்கள் எண் மாறவில்லை, அதே 76,321. ஆனால் ஏஸ்-4 வைத்திருப்பவர் 64,321 ஆகிவிட்டார். ஏஸ்-5 வைத்திருப்பவர் 65,321. 4-5 இருப்பவர்கூட 65,432. மூவருமே உங்களைத் தாண்டிவிட்டார்கள். உங்கள் 2 பொதுச் சீட்டிலேயே வந்துவிட்டதால் கையில் இருந்த 2 செல்லாக்காசாகிவிட்டது. அந்த 9-க்குப் பதில் உங்களிடம் ஒரு 4 இருந்திருந்தால் அந்த 64,321 உங்களுடையது. ஏஸ்-2 வைத்திருப்பவருக்கு மூன்றாவதாக ஒரு சிறிய சீட்டு எவ்வளவு பெறும் என்பதை இந்த ஒரு கையே சொல்லிவிடும்.

வீட்டில் ஐந்து சீட்டைப் பரப்பி, ‘இதில் உச்ச ஹை எது, உச்ச லோ எது’ என்று இரண்டு நொடியில் சொல்லப் பழகுங்கள். பொதுச் சீட்டில் ஏஸ் இருந்தால் உச்ச லோவுக்கு 2-3 வேண்டும். ஏஸும் 2-ம் இருந்தால் 3-4. இருநூறு தடவை செய்தால் கை தானாகப் படிக்க வரும். அதற்குமுன் மேசைக்குப் போவது பணத்துக்குக் கேடு.

5. ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன் போட வேண்டிய கணக்கு

இந்தப் பகுதி மட்டும் மனப்பாடமாக வேண்டும். ரிவரில் நீங்கள் போடும் ஒவ்வொரு 8 டாலருக்கும் எவ்வளவு திரும்பி வரும் என்பதுதான் கேள்வி.

இரண்டு பேர் ஆட்டத்தில்: பாதி கிடைத்தால் 8 திரும்பும், லாபமும் இல்லை நட்டமும் இல்லை. கால் பங்கு என்றால் 4 வரும், 4 போச்சு. முக்கால் என்றால் 12. முழுதும் என்றால் 16.

மூன்று பேர் ஆட்டத்தில்: பாதி என்றால் 12, அதாவது 4 லாபம். கால் பங்கு என்றால் 6, ஒவ்வொரு பந்தயத்துக்கும் 2 நட்டம்.

நான்கு பேர் ஆட்டத்தில்: கால் பங்குக்கு 8 வரும், சரிக்குச் சரி. ஐந்து பேர் இருந்தால்தான் கால் பங்கு 10 ஆகி, 2 டாலர் மிஞ்சும்.

கால் பங்கு எப்படி வருகிறது? உங்களிடமும் இன்னொருவரிடமும் ஒரே லோ இருந்தால் பாதியைப் பாதியாக்கிக்கொள்வீர்கள். உங்களிடம் ஏஸ்-2 இருக்கும்போது எதிராளி ஒருவரிடம் அதே ஏஸ்-2 இருக்க வாய்ப்பு 4.4 விழுக்காடு. எட்டுப் பேரைச் சேர்த்துப் பார்த்தால் பத்துக்கு மூன்று தடவை மேசையில் யாரோ ஒருவரிடம் அது இருக்கும். அவர் அதைக் கவிழ்த்துவிட்டு (சீட்டைக் கீழே போட்டு விலகி) போகமாட்டார், கடைசிவரை வருவார்.

மூன்று பேர், நடுவில் 96 டாலர். உங்களிடம் வெறும் ஏஸ்-2, உச்ச லோ, ஹைக்கு ஒன்றும் இல்லை. ஒருவர் 8 கட்டுகிறார். இன்னொருவர் சமம் கட்டுகிறார். ‘உச்சம்தானே, ஏற்றினால் என்ன’ என்று கை துறுதுறுக்கும். ஏற்றினால் ஹைக்காரர் மறுபடி ஏற்றுவார். நான்கு பந்தயம் வரை போகலாம். அந்த இன்னொருவரிடமும் ஏஸ்-2 இருந்தால் ரிவரில் மட்டும் 32 போட்டு 24 எடுப்பீர்கள். சமம் மட்டும் கட்டியிருந்தால் நட்டம் 2-ஓடு நின்றிருக்கும். அதற்காகக் கவிழ்க்கவும் கூடாது: 8 டாலருக்கு, 120-இல் கால் பங்கான 30 வருகிறது. கவிழ்க்காதீர்கள், ஏற்றாதீர்கள், சமம் கட்டுங்கள். ஹை இல்லாத வெறும் உச்ச லோவுக்கு மூன்று பேர் ஆட்டத்தில் இதுதான் வழி.

அதே மேசையில் ஹைக்காரர் நிலையைப் பாருங்கள். அவரிடம் உச்ச ஹை. இரண்டு லோக்காரர்கள் ஒருவரையொருவர் கால் பங்காக வெட்டிக்கொண்டிருக்க, அவருக்கு ஒவ்வொரு பந்தயத்துக்கும் 4 டாலர் மிச்சம். அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் எத்தனை தடவை ஏற்ற முடியுமோ அத்தனை தடவை ஏற்றுங்கள். வழக்கமாக ஒரு பந்தயம், மூன்று ஏற்றம் என்று எல்லை உண்டு. உட்காரும்போதே டீலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. எந்த நான்கு சீட்டோடு இறங்குவது

நான்கு சீட்டும் ஒன்றுக்கொன்று ஒத்துழைக்க வேண்டும். ஏஸ்-ஏஸ்-2-3, இரண்டிரண்டு சீட்டாக ஒரே சாதியில் அமைந்தால் இந்த ஆட்டத்தின் ராஜகை. அதற்கு அடுத்து ஏஸ்-2-3 கூட ஏதாவது ஒன்று, ஏஸ்-ஏஸ்-2 கூட ஏதாவது ஒன்று, ஏஸ் தன் சாதியில் இன்னொரு சீட்டோடு இருக்கும் ஏஸ்-2-ராஜா-ராணி, ஏஸ்-3-4-5. ஏஸ் இல்லாமல் ஆடத் தகுந்தது ராஜா-ராணி-ஜாக்கி-10 போன்ற, முழுக்கப் பெரிய சீட்டுகள். லோ அமையாத நான்கு தடவையில் அது முழுத் தொகையை அள்ளும். ஃப்ளாப்பில் சிறிய சீட்டு இரண்டு விழுந்தால் தயங்காமல் கவிழ்க்கவும் எளிது.

புதியவர்களை ஏமாற்றுவது 6-7-8-9. பார்க்க அடுத்தடுத்து அழகாக இருக்கும். ஸ்ட்ரெய்ட் அமைந்தால் அது பெரும்பாலும் லோவுக்கும் இடம் தரும் பொதுச் சீட்டில்தான் அமையும். பாதியை ஒருவர் கொண்டுபோவார். அந்த லோ உங்களுக்கு வந்தாலும் மட்டமான லோ. கையில் ஒரே எண் மூன்று இருப்பதும் பயனில்லை, இரண்டைத்தான் எடுக்க முடியும், மூன்றாவது அடைபட்டுக் கிடக்கிறது. 2-3-4-5 ஏஸ் விழுந்தால் மட்டுமே மதிப்புப் பெறும். மலிவாகப் பார்க்க முடிந்தால் சரி.

ஏற்றுவது எப்போது? இரண்டு பாதியையும் குறிவைக்கும் கைக்கு எங்கிருந்தும் ஏற்றலாம். வெறும் ஏஸ்-2 என்றால் முன்வரிசையில் (முதலில் முடிவு சொல்ல வேண்டிய இடத்தில்) ஏற்ற வேண்டாம். அதற்கு ஆள் கூட்டம் வேண்டும், நீங்களே கூட்டத்தைக் கலைக்காதீர்கள்.

7. ஃப்ளாப்பில் பெரும்பாலும் கவிழ்க்கத்தான் வேண்டியிருக்கும்

ஏஸ்-2 இருந்து ஃப்ளாப்பில் எட்டோ அதற்குக் கீழோ இரண்டு சீட்டு விழுந்தால், ரிவருக்குள் லோ அமைய 59 விழுக்காடு வாய்ப்பு. அந்த 59-இல் 10 அளவுக்கு ஏஸோ 2-ஓ கூடவே விழுந்து மேலே சொன்ன கதை நடக்கும். ஆக, அடிபடாத லோ ஏறக்குறைய பாதித் தடவைதான். சிறிய சீட்டு ஒன்றே ஒன்று விழுந்தால் வாய்ப்பு 16 விழுக்காடு. ‘இன்னொரு சீட்டு பார்க்கலாமே, நாலு டாலர்தானே’ என்று நிற்பதற்கு அது போதாது.

ராஜா-ராணி-5 போன்ற ஃப்ளாப்பில், கையில் இரண்டு ராஜா இருந்து மூன்று ராஜா சேர்ந்துவிட்டால் உடனே கட்டுங்கள், ஏற்றுங்கள். மெதுவாக ஆடிப் பொறி வைக்கும் இடம் இதுவல்ல. லோவுக்குக் காத்திருப்பவர் இன்னும் இரண்டு சீட்டும் சரியாக விழ வேண்டியவர். அவரை இலவசமாக டர்ன் பார்க்க விட்டால் பாதியைத் தூக்கிக் கொடுத்த மாதிரி.

ஃப்ளாப்பில் மூன்றும் சிறிய சீட்டாக விழுந்து, உங்களிடம் ஒரு ஜோடி ராஜா மட்டும் என்றால் கவிழ்த்துவிடுங்கள். முழு விலை கொடுத்துப் பாதிக்காக ஓடுகிறீர்கள். அந்தப் பாதியும் உறுதியில்லை.

8. டர்னில் பந்தயம் இரட்டிப்பு

இங்கே பந்தயம் 4-இலிருந்து 8 ஆகிறது. லோவுக்கு இன்னும் ஒரு சீட்டு வேண்டும், ஹைக்கு ஒன்றும் இல்லை என்ற நிலை. பொதுச் சீட்டில் 3-ம் 7-ம் இருக்கின்றன, உங்களிடம் ஏஸ்-2. உங்களுக்குத் தெரியாத 44 சீட்டில் 4, 5, 6, 8 ஆகிய 16 சீட்டு உதவும். 36 விழுக்காடு.

கணக்கு எளிது. நீங்கள் கட்டும் 8 டாலரையும் சேர்த்து நடுவில் 44 டாலராவது இருந்தால், பாதி உங்களுக்கு உறுதி என்ற நிலையில் கட்டலாம். இன்னொருவரும் ஏஸ்-2-ஓடு நிற்கிறார் என்று தோன்றினால் 88 இருக்க வேண்டும். ஹோல்டம் பழக்கத்தில் மொத்தத் தொகையை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள், வர முடியாத பாதியையும் தங்கள் பணமாக எண்ணிக்கொள்கிறார்கள். அறை எடுப்பதையும் சேர்த்தால் இந்த எண்கள் இன்னும் சற்று ஏறும்.

டர்னில் இன்னொரு பெரும் அபாயம் நடுவில் மாட்டிக்கொள்வது. ஒரு பக்கம் உச்ச ஹை, மறு பக்கம் உச்ச லோ, இருவரும் மாறி மாறி ஏற்றுகிறார்கள். நடுவில் நீங்கள் இரண்டாம் தர ஃப்ளஷ், இரண்டாம் தர லோவோடு. டர்னில் 32, ரிவரில் 32, மொத்தம் 64 டாலர் போய்விடும். முதல் ஏற்றத்திலேயே ‘இவர் எதற்கு ஏற்றுகிறார், அவர் எதற்கு’ என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் கவிழ்ப்பதற்கு 8 டாலரோடு நேரம் இருக்கிறது.

9. ரிவர்

எதிரே ஒருவர், உங்களிடம் ஹை இல்லாத உச்ச லோ: நீங்களாகக் கட்ட வேண்டாம். அவரிடம் ஹை மட்டும் என்றால் சரிக்குச் சரி. அதே லோவும் ஹையும் என்றால் 4 நட்டம். பணம் போடாமல் ‘செக்’ செய்துவிட்டு, அவர் கட்டினால் சமம் கட்டுங்கள்.

உச்ச லோவோடு ஹைக்கு இரண்டு ஜோடியாவது இருந்தால் நிலைமை தலைகீழ். அவரிடமும் அதே லோ இருந்து உங்கள் ஹை பெரிதானால் முக்கால் உங்களுக்கு. ஒவ்வொரு 8-க்கும் 12. இந்த இடத்தில் ஏற்றாமல் விடுவது புதியவர்கள் பயத்தில் செய்யும் தவறு.

பல பேர் ஆட்டத்தில் இரண்டாம் தர லோவோடு ரிவரில் பெரிய பந்தயத்துக்குச் சமம் கட்டுவதை அடியோடு நிறுத்துங்கள். நான்கு பேர் சேர்ந்து பணம் போடும்போது உச்ச லோ யாரோ ஒருவரிடம் இருக்கும்.

10. மேசை ஒழுங்கில் பணம் போகும் இடங்கள்

சீட்டு காட்டும்போது நான்கையும் முகம் தெரிய மேசையில் வையுங்கள். ‘லோ மட்டும்’ என்று இரண்டைக் காட்டிவிட்டு மிச்சத்தைத் தள்ளிவிட்டால் உங்கள் கை செல்லாமல் போகலாம். நான்கும் மேசையில் இருந்தால், நீங்கள் கவனிக்காத ஹையையும் டீலர் எடுத்துச் சொல்வார். பங்கு பிரித்துச் சிப் கைக்கு வரும்வரை சீட்டை விடாதீர்கள். ஒற்றைச் சிப் மிஞ்சினால் அது ஹை பக்கத்துக்குப் போகும். அதற்காகச் சண்டை வேண்டாம்.

வாயைத் திறக்காமல் 25 டாலர் சிப் ஒன்றைப் போட்டால் அது சமம் கட்டியதாகத்தான் கொள்ளப்படும். ஏற்ற வேண்டுமானால் முதலில் ‘ரெய்ஸ்’ என்று சொல்லிவிட்டுச் சிப்பைத் தொடுங்கள்.

நம்மவர்கள் இரண்டு பேராகப் போகும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கை நடந்துகொண்டிருக்கையில் மேசையில் ஆங்கிலம் மட்டும் என்பது அமெரிக்க அட்டை அறைகளின் பொது விதி. ‘என்னடா பண்ணப் போற’ என்று தமிழில் கேட்டாலே டீலர் எச்சரிப்பார், மற்றவர்கள் கூட்டுச்சதி என்று சந்தேகப்படுவார்கள். முடிந்தால் வேறு வேறு மேசையில் உட்காருங்கள்.

11. ஸ்டட் எட்டு அழைத்தால்

பாட் பிரியும் இன்னொரு ஆட்டம் ஏழு சீட்டு ஸ்டட் ஹை-லோ. பொதுச் சீட்டு கிடையாது. ஒவ்வொருவருக்கும் நான்கு சீட்டு திறந்திருக்கும். கணக்கு இதேதான், ஆனால் கண்ணால் பார்க்க முடிகிறது. எதிராளி திறந்த சீட்டில் ராணியும் 10-ம் விழுந்தால் அவர் லோவுக்கு வெகுதூரம், கட்டி வெளியேற்றுங்கள். தொடக்கத்துக்கு 4-5-6 போல மூன்று சிறிய அடுத்தடுத்த சீட்டு நல்லது, ஏஸும் இரண்டு சிறியவையும் அதைவிட நல்லது. கவிழ்த்தவர்களின் சீட்டையும் நினைவில் வைக்க வேண்டும் என்பதால், ஒமாஹா கைவந்த பிறகு போங்கள்.

12. எவ்வளவு நேரம் ஆடுவது

நான்கு மணி நேரத்துக்குமேல் முதல் சில நாட்கள் வேண்டாம். நான்கு சீட்டு, இரண்டு பக்கம் என்று ஒவ்வொரு கையும் படிக்க வேண்டியதால் மூளை சீக்கிரம் களைக்கும். களைத்த மூளை முதலில் தவறவிடுவது கால் பங்கைத்தான்.

ஆட்கள் எழுந்து போய் மேசை ஐந்து பேராகச் சுருங்கினால் ஆட்டமே மாறிவிடும். அதே 30 கை என்றாலும் பிளைண்ட் செலவு மணிக்கு 36 டாலர் ஆகும். வெறும் ஏஸ்-2-க்குக் கூட்டம் இல்லை, பெரிய சீட்டுகளுக்கு மதிப்பு கூடும். அப்போது மேசைக் கண்காணிப்பாளரை அழைத்து அறைப் பங்கைக் குறைக்கக் கேளுங்கள். ஆள் குறைந்த மேசைக்குப் பல அறைகள் குறைத்துக்கொள்வது உண்டு, ஆனால் கேட்டால்தான் குறைப்பார்கள். மறுத்தால் பெரிய பிளைண்ட் உங்களிடம் வருவதற்கு முந்தைய கையோடு சிப்பை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுங்கள்.